பதினாறாம் நாள்

எங்கள் ஆத்தாவின், அதாவது அப்பாவைப் பெற்ற பாட்டியின், மாத்திரைகள் எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில் கிடக்கும். போன வருசம் ஒரு ராத்திரி பாத்ரூம் வாசலில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்த பிறகுதான் அந்தப் பையைக் கட்டில் மேல் கொட்டிப் பார்த்தேன். பிரசருக்கான அம்லோடிபின் மாத்திரை இரண்டு விதமாக இருந்தது. ஒன்று, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஸ்கூட்டியில் வரும் பெண் மாதாமாதம் கொடுத்துவிட்டுப் போவது. இன்னொன்று டவுனில் ஒரு தனியார் டாக்டர் எழுதிக்கொடுத்தது, வேறு பிராண்டு, வேறு நிற அட்டை. ஆத்தா இரண்டையும் தவறாமல் போட்டிருக்கிறார். கேட்டதற்கு, "அது சர்க்கார் மாத்திரை, இது காசு மாத்திரை, ரெண்டும் வேறதானே கண்ணு" என்றார். வயது 84. ஒரு கண்ணுக்குத்தான் புரை எடுத்திருக்கிறது.

பிரசர் அளவுக்கு மீறி இறங்கி, படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது தலை சுற்றி விழுவது வயசானவர்களுக்கு அடிக்கடி நடக்கிற சங்கதி. ஆத்தா அதனால்தான் விழுந்தார் என்று சத்தியம் செய்ய மாட்டேன், அன்றைக்கு அந்தப் பக்கம் லைட்டும் எரியவில்லை, தரையும் ஈரம். ஆனால் ஒரே மருந்தை இரண்டு பேர் கொடுக்கிறார்கள், ஒருவர் கொடுப்பது இன்னொருவருக்குத் தெரியாது, சேர்த்துப் பார்க்கிற ஆள் யாருமே இல்லை என்பது எனக்கு விழுந்ததை விடப் பெரிய விசயமாகப் பட்டது. ஏனென்றால் வயசானவர்களுக்கு ஒரு நோய் தனியாக வருவதில்லை. பிரசர், சுகர், முட்டி வலி, கண், காது, ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்குப் போவது என்று எல்லாம் கூட்டாக வந்து நிற்கும், நம் ஆஸ்பத்திரிகளோ ஒவ்வொன்றுக்கும் ஒரு அறை, ஒரு சீட்டு, ஒரு வரிசை என்று பிரித்து வைத்திருக்கின்றன.

கணக்கைப் பார்த்துவிடுவோம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2021 கணக்கெடுப்பு நடக்கவே இல்லை என்பதால் மத்திய அரசின் நிபுணர் குழு 2020ல் வெளியிட்ட கணிப்பைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அதன்படி 2031ல் தமிழ்நாட்டில் இது 18.2 சதவீதம், கேரளாவில் 20.9, நாடு முழுக்க 13.1. அதாவது பீகாருக்கும் நமக்கும் சேர்த்து டெல்லியில் ஒரே திட்டம் போடுகிறார்கள், அங்கே பிரச்சினை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், இங்கே பிரச்சினை பாட்டிக்கு யார் சோறு போடுவது.

தமிழ்நாட்டுக்குள்ளேயும் எல்லா ஊரும் ஒரே வேகத்தில் வயசாகவில்லை. கோவை, ஈரோடு பக்கம் பிள்ளைப்பேறு மற்ற மாவட்டங்களுக்கு முன்னாலேயே குறைய ஆரம்பித்துவிட்டது, மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதைப் பல வருசமாக எழுதி வருகிறார்கள். காரணம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வானம் பார்த்த பூமி, கிணற்றை ஆழப்படுத்தி மோட்டார் வைத்துப் பண்ணையம் செய்த காடு, அதை மூன்று பங்காகப் பிரித்தால் ஒருத்தனுக்கும் பொழப்பு நடக்காது. அதனால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அந்த ஒன்றும் பையனாக இருக்க வேண்டும் என்ற வெறியில் நடந்த அநியாயத்தையும் மறைக்க வேண்டாம், தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு 1992ல் முதலில் சேலத்தில் தொடங்கியது சும்மா இல்லை. இன்றைக்குப் படுக்கையில் கிடக்கிற ஆத்தாக்களைப் பார்க்கப் பெண்கள் இல்லை என்று ஒறம்பரை (சொந்தக்காரர்) வீடுகளில் உட்கார்ந்து பழமை பேசும்போது இந்தக் கணக்கை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

சரி, சுகாதாரத் துறைக்கு வருவோம். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்கள் எதற்காகக் கட்டப்பட்டவை என்று பார்த்தால் பாதி விசயம் விளங்கிவிடும். 1946ல் சர் ஜோசப் போர் என்பவர் தலைமையிலான குழு கொடுத்த அறிக்கையின் வழியில் வந்த ஏற்பாடு அது. அன்றைக்குச் செத்துக்கொண்டிருந்தவர்கள் பிரசவத்தில் தாய்மார்களும், பிறந்த குழந்தைகளும், காலரா, அம்மை, காசநோய் பிடித்தவர்களும். அதற்கேற்பத்தான் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்று வந்தது. அந்த வேலையைத் தமிழ்நாடு உண்மையிலேயே நன்றாகச் செய்தது. இன்றைக்கு எங்கள் ஊரில் ஒரு பெண் மாசமாக இருந்தால் அவளுக்கு ஒரு பிக்மி எண் (கர்ப்பிணிகளை அரசு பதிந்துவைக்கும் எண்) உண்டு, கிராம செவிலியர் எத்தனையாவது மாதம், ஹீமோகுளோபின் எவ்வளவு, எந்தத் தேதியில் பிரசவம் என்று சொல்லிவிடுவார், ஒரு செக்கப்புக்குப் போகாவிட்டால் வீடு தேடி வந்து சத்தம் போடுவார். அதே தெருவில் மூன்று மாதத்தில் இரண்டு தடவை விழுந்த கிழவியைப் பற்றி அந்தக் கட்டடத்தில் எந்த நோட்டிலும் ஒரு வரி கிடையாது. கர்ப்பம் பத்து மாதத்தில் முடிந்துவிடும், அதனால் பின்தொடர முடிகிறது. முதுமைக்கு முடிவுத் தேதி இல்லை, அதைப் பின்தொடர்வதற்கு வேறு மாதிரி ஆட்கள் வேண்டும்.

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. இந்தியாவில் முதியோர் மருத்துவம் என்ற துறையே சென்னை அரசு பொது மருத்துவமனையில்தான் வேர் பிடித்தது. டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978ல் அங்கே முதியோர் பிரிவைத் தொடங்கினார், 1996ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கென்று எம்.டி. படிப்பும் வந்தது. 2010ல் தேசிய முதியோர் நலத் திட்டம், மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் பத்துப் படுக்கை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாள் முதியோர் கிளினிக் என்று காகிதத்தில் அழகாக எழுதியது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையமே திறந்தாயிற்று. நல்லதுதான். ஆனால் கிண்டிக்கும் எங்கள் பக்கத்துக் காங்கயத்துக்கும் நடுவில் ஒரு ராத்திரி ரயில் தூரம் இருக்கிறது, இடுப்பு உடைந்தவரை அதில் ஏற்ற முடியாது.

ஆத்தாவை 108ல் ஏற்றினோம், அது வந்த நேரத்தைக் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது, பந்துக்கிண்ண மூட்டில் உடைந்த பாதியை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்தார்கள். இதில் ஒன்று சொல்ல வேண்டும். இருபது வருசத்துக்கு முன்னால் எங்கள் பக்கம் வயசான காலத்தில் இடுப்பு உடைந்தால் கட்டு வைத்தியரிடம் காட்டிவிட்டுக் கட்டிலில் போட்டுவிடுவார்கள், நெஞ்சில் சளி கட்டியோ முதுகில் புண் வந்தோ கொஞ்ச மாதத்தில் கதை முடியும், "விழுந்தாரு, போய்ட்டாரு" என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். இன்றைக்கு ஓரிரு நாளுக்குள் ஆபரேஷன் செய்து மறுநாளே எழுப்பி நிற்க வைக்கிறார்கள். காப்பீடு இல்லாவிட்டால் இது எங்களைப் போன்ற வீட்டுக்கு எட்டியிருக்காது. 2009ல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி 2012ல் முதலமைச்சர் காப்பீடாக மாறி வருசத்துக்கு 5 லட்சம் வரை வந்து நிற்கிற திட்டம் அது.

ஆறாம் நாள் டிஸ்சார்ஜ். பில் கவுண்டரில் எங்களுக்கு முன்னால் நின்றவர், "ஏனுங்க, இனி இவங்கள எப்படிங்க தூக்கறது, படிக்கட்டு வேற இருக்குதுங்க" என்று கேட்டார். கவுண்டரில் இருந்த பிள்ளை பாவம், "அதெல்லாம் டாக்டரக் கேளுங்கண்ணா" என்றது. டாக்டர் அதற்குள் அடுத்த ஆபரேஷனில் இருந்தார்.

காப்பீடு என்பது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கொடுக்கிற காசு. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் விதி தெளிவாகவே இருக்கிறது: சேர்வதற்கு முன் 3 நாள் செலவு, டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாள் செலவு. 2024 அக்டோபர் 29 முதல் 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும், பணக்காரர் ஏழை என்று பார்க்காமல், 5 லட்சம் வரை இந்தத் திட்டம் உண்டு என்று விரிவாக்கினார்கள். சுமார் 6 கோடி பேர். பெரிய அறிவிப்பு, சந்தேகமில்லை. ஆனால் இடுப்பெலும்பு உடைந்தவர் கைத்தடியோடு தானாக நடமாட மூன்று மாதமாவது ஆகும், சிலர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை. பதினாறாம் நாளுக்கு எங்கள் பக்கம் வேறு அர்த்தம் உண்டு, அதைச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை, ஆனால் அந்த விதியைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

பதினாறாம் நாள் முதல் என்ன வேலை இருக்கிறது என்று பட்டியல் போட்டால் ஒரு மருத்துவச் சொல்கூட வராது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, ஒரு வாரத்தில் புண். கக்கூசுக்கு உயரமான நாற்காலி வேண்டும், குந்த வைத்தால் மூட்டில் வைத்த பந்து நழுவலாம். வாக்கரை எப்படிப் பிடிப்பது என்று தினம் சொல்லிக்கொடுக்க வேண்டும். பயத்தில் சாப்பிட மாட்டார்கள், தண்ணீர் குடித்தால் ஒண்ணுக்குப் போக வேண்டுமே என்று தண்ணீரையே குறைத்துக்கொள்வார்கள், அதில் மூத்திரத் தாரையில் கிருமி, காய்ச்சல், மறுபடி ஆஸ்பத்திரி. கட்டில், காற்று மெத்தை, டயப்பர், வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் என்று எல்லாமே கைக்காசு. இந்தியாவில் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் பையிலிருந்து போகிறது என்று 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது, டயப்பரும் நாற்காலியும் அதில் கூட முழுசாக வராது என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் எங்கள் வீட்டில் யார் செய்தது? அம்மா. அம்மாவுக்கு 61 வயது, சுகர் மாத்திரை சாப்பிடுகிறார், வலது தோள் தூக்க வராது. நம் சுகாதார அமைப்பு மருமகள் என்ற ஒரு ஆளை நம்பித்தான் நிற்கிறது, அவருக்குச் சம்பளம் இல்லை, லீவு இல்லை, எந்த பட்ஜெட்டிலும் பெயர் இல்லை. முன்பு ஒரு வீட்டில் மூன்று மருமகள் இருந்தால் முறை போட்டுக்கொள்வார்கள். ஒரே பிள்ளை பெற்ற ஊரில் ஒரே மருமகள், அவரும் அறுபதைத் தாண்டியவர். அடுத்த தலைமுறையில் அந்த ஒருத்தியும் திருப்பூரில் கம்பெனிக்கோ கோவையில் ஐடி வேலைக்கோ போகிறார், போகத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் ஜப்பான் கதை நமக்கு ரொம்பப் பொருந்தும். அவர்கள் 1961லேயே எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு கொண்டுவந்துவிட்டார்கள். 1973ல், நாம் 2024ல் செய்ததைப் போலவே, 70 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவம் இலவசம் என்றார்கள். என்ன ஆயிற்று என்றால், வீட்டில் பார்க்க ஆளில்லாத கிழவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தார்கள், நோய் குணமான பிறகும் மாதக்கணக்கில், வருசக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். ஆஸ்பத்திரிதான் இலவசம், வீட்டுப் பராமரிப்புக்குக் காசு, அப்புறம் ஜனம் எங்கே போகும்? பத்து வருசத்தில், 1983ல், அந்த முழு இலவசத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. 2000 ஏப்ரலில்தான் சரியான இடத்தில் கை வைத்தார்கள்: பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லோரும் சந்தா கட்ட வேண்டும், பாதிப் பணம் வரியிலிருந்து வருகிறது. முதியவர் எவ்வளவு முடியாமல் இருக்கிறார் என்று ஏழு நிலைகளாகப் பிரித்து, அதற்குத் தக்கபடி வீட்டுக்கு வந்து குளிப்பாட்டிவிட ஆள், பகலில் கொண்டுபோய் விடுவதற்கு ஒரு மையம், வீட்டில் கைப்பிடி பொருத்த உதவி எல்லாம் உண்டு. பயனாளி பத்தில் ஒரு பங்கு கட்டுவார், வருமானம் அதிகமிருந்தால் மூன்று பங்கு வரை.

ஜெர்மனி இதை 1995லேயே செய்துவிட்டது, அங்கே இன்னொரு ஏற்பாடும் உண்டு. வீட்டு ஆளே பார்த்துக்கொண்டால் மாதாமாதம் பணம், அப்படிப் பார்த்துக்கொள்பவர் கணக்கில் பென்ஷன் சந்தாவையும் காப்பீடே கட்டும். மருமகளுக்குப் பென்ஷன்! எங்கள் அம்மாவிடம் சொன்னேன், சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

பிரிட்டன் இதற்கு நேர் எதிரான பாடம். 1948ல் தொடங்கிய அவர்களது தேசிய சுகாதாரச் சேவை டாக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் காசு கேட்காது. ஆனால் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது எல்லாம் உள்ளாட்சிகளின் பொறுப்பு, இங்கிலாந்தில் கையில் 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் அதற்கு உங்கள் காசுதான். இரண்டுக்கும் பணம் வேறு வேறு பையிலிருந்து வருவதால், வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் பராமரிக்க ஏற்பாடு ஆகாமல் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடப்பவர்கள் கடந்த சில குளிர்காலங்களில் எந்த நாளை எடுத்தாலும் 10,000 பேருக்கு மேல். அவசர சிகிச்சைக்கு வந்தவர் கட்டில் இல்லாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடப்பார். அவ்வளவு பணக்கார நாட்டிலேயே இந்த ஓட்டை அடைபடவில்லை.

அவ்வளவு தூரம் எதற்கு, வாளையாறு தாண்டினால் போதும். கேரளாவில் 1993ல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் ஆரம்பித்த வலி நிவாரண சேவை ஊர் ஊராகப் பரவி, 2008ல் அரசுக் கொள்கையாகவே ஆயிற்று. அங்கே பஞ்சாயத்துப் பணத்தில் ஒரு நர்ஸ் வீடு வீடாகப் போகிறார், படுக்கையில் கிடப்பவர் பட்டியல் வார்டு உறுப்பினருக்குத் தெரியும். நாம் அந்தப் பக்கம் போவது ஆயுர்வேத எண்ணெய்க்குத்தான்.

நம்மிடம் அதற்கு மிக அருகில் வருவது மக்களைத் தேடி மருத்துவம்தான். 2021 ஆகஸ்ட் 5 கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது, 2024ல் ஐ.நா.வின் விருதும் வாங்கியது. பிரசர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பது கேட்கச் சின்ன விசயம், ஆனால் அரசாங்கம் கிழவியின் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். வேலை செய்பவர்கள் பெரும்பாலும் மகளிர் குழுவிலிருந்து வந்த உள்ளூர்ப் பெண்கள், தோட்டத்துச் சாளை (காட்டு வீடு) எங்கே இருக்கிறது, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று தெரிந்தவர்கள். படுத்த படுக்கையானவர்களுக்கு வலி நிவாரணமும் பிசியோதெரபியும் வீட்டிலேயே உண்டு. இங்கேதான் கயிறு மெலிகிறது: அந்த நர்சும் பிசியோதெரபிஸ்டும் ஒரு வட்டாரத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் போடப்பட்டவர்கள். எங்கள் வட்டாரத்தில் ஊரும் குக்கிராமமுமாக வண்டியில் சுற்றினாலே நாள் போதாது. ஆத்தாவுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் நல்ல பையன், மூன்று தடவை வந்தான், உட்கார வைத்து முட்டியை நீட்டி மடக்கச் சொல்லிக்கொடுத்தான், அவன் இன்னும் எத்தனை வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டபோது எண்ணைச் சொல்லாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

காசு இருப்பவர்கள் வேறு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். கோவையைச் சுற்றி, வடவள்ளி, தொண்டாமுத்தூர், பேரூர்ப் பக்கம் முதியோர் குடியிருப்புகள் வரிசையாக வந்தாயிற்று, அமெரிக்காவில் பிள்ளை இருப்பவர்களுக்கு அது சரிப்படுகிறது. நடுத்தர வீடுகளில் ஏஜென்சி வழியாக வீட்டோடு தங்கிப் பார்க்கும் பெண்கள் வருகிறார்கள், ஒரு காலத்தில் கேரளத்திலிருந்து, இப்போது ஒடிசா, அசாமிலிருந்தும். ஆத்தாவுக்கு வந்த பிள்ளைக்குத் தமிழ் நாலு வார்த்தை, ஆத்தாவுக்கு இந்தி சுத்தமாக இல்லை, இரண்டு பேரும் நாள் முழுக்க எப்படியோ பேசிக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் படுக்கைப் புண் என்றால் என்னவென்று யாரும் கற்றுக்கொடுத்து அனுப்பவில்லை. இப்படி வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒரு மூன்று மாதப் பயிற்சி, சான்றிதழ், நியாயமான சம்பளம் என்று ஏற்பாடு செய்தால் புதிதாக ஒரு கட்டடம் கட்டுவதை விடப் பிரயோசனம் என்பது என் கட்சி.

இந்த இரண்டு வழியும் இல்லாதவர்கள் தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிறார்கள். ஊரை விட்டுத் தள்ளி, காட்டுக்கு நடுவில் ஒற்றை வீடு, இதுதான் கொங்கு நாட்டின் குடியிருப்பு முறை. அந்தக் காலத்தில் பண்ணையாட்களும் மாடும் சத்தமுமாக இருந்தது, இப்போது ஒரு கிழவன் கிழவி, ஒரு நாய். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம், 2025ல் சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீடுகளில் வயசானவர்கள் கொலையானபோது போலீஸ் ரோந்தையும் கேமராவையும் பற்றி நிறையப் பேசினோம். திருடன் வராத வீட்டிலும் விழுந்தால் காலையில் பால்காரர் வரும்வரை தரையில்தான் கிடக்க வேண்டும் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

முதியோர் பென்ஷன் தமிழ்நாட்டில் மாதம் 1,200 ரூபாய், அதில் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய், 80 தாண்டினால் 500. ஏஜென்சிப் பெண்ணின் இரண்டு நாள் சம்பளத்துக்கே அந்த 1,200 சரியாகப் போகும். பிள்ளைகள் கவனிக்காவிட்டால் 2007ம் வருசப் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், முதியோர் உதவி எண்ணான 14567க்கு போன் செய்யலாம். சட்டம் நல்ல சட்டம். ஆனால் கவனிக்க மனசிருந்தும் உடம்பு இல்லாத அறுபது வயது மருமகளுக்கு அதில் எந்தப் பிரிவும் உதவாது.

ஆத்தா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டுத்தறி வரைக்கும் போய் வருகிறார். இப்போது இருப்பது ஒரே ஒரு எருமை, அதைத் திட்டிவிட்டு வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். போன மாதம் அந்த ஸ்கூட்டிப் பெண் வந்தபோது நானும் வீட்டில் இருந்தேன். ஜவுளிக்கடைப் பையை அவரிடமே கொட்டிக் காட்டினேன், ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத நீங்க அந்த டாக்டர்கிட்டயே காட்டிக் கேட்டுருங்கண்ணா, நானா எதையும் நிறுத்தச் சொல்லக் கூடாதுங்க" என்றார், சரியாகத்தான் சொன்னார். பிரசர் பார்த்தார், விரலில் குத்திச் சுகர் பார்த்தார், இரண்டு எண்ணையும் போனில் ஏற்றினார். கிளம்பும்போது, "பகல்ல அம்மாயி கூட யாருங்க இருப்பாங்க?" என்று கேட்டார். அம்மாதான், ஆனால் அம்மாவுக்கும் இப்போது முட்டி வலி, உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்றேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். போனை அதற்கு முன்பே பைக்குள் வைத்திருந்தார், திரும்ப எடுக்கவில்லை.